அக்கி கண்டவுடன்: புற்றுநோய் மருத்துவம் பெறுவோர் இல்லங்களுக்கு ஒரு பாடம்

காஞ்சிபுரத்தை அடுத்த முசரவாக்கத்தில் ஒரு நெசவாளர் இல்லத்தை எண்ணிப் பார்ப்போம். இல்லத்தலைவிக்கு மார்பகப் புற்றுநோய். காரைப்பேட்டையில் உள்ள அறிஞர் அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனையில் மூன்று முறை மருந்து ஏற்றியாகிவிட்டது. நான்காம் முறைக்கு இன்னும் ஒன்பது நாட்கள் உள்ளன. ஒரு திங்கட்கிழமை மாலை வலப்புற விலாவில் எரிச்சலோடு கூடிய வலி தோன்றுகிறது. தறிக்குழியில் நாள் முழுதும் குனிந்து அமர்ந்ததால் வந்த பிடிப்பு என்கிறார் கணவர். வாயு என்கிறார் மாமியார். நோயாளியின் உள்ளமோ, நோய் எலும்பில் இறங்கிவிட்டதோ என்று அஞ்சுகிறது. அதனை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. புதன்கிழமை காலையில் வலி கண்ட இடத்தில் சிவந்த திட்டுகளும், அவற்றின்மேல் முத்து முத்தாக நீர்க்கொப்புளங்களும் எழுந்துள்ளன. பார்த்தவுடனே அண்டை வீட்டார் சொல்லிவிடுகின்றனர்: "இது அக்கி."

இவ்வில்லம் நாம் கற்பித்துக்கொண்டதே. ஆயினும் வந்தவாசி, செய்யாறு, ஆரணிப் பக்கங்களிலிருந்து காரைப்பேட்டைக்குச் சென்று மருத்துவம் பெறும் நம் குடும்பங்களில் எதற்கும் இந்நிலை வரக்கூடும். அந்தப் புதன்கிழமை காலையில் அவ்வில்லத்தார் எத்திசை நோக்கிப் புறப்படுகின்றனர் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

அக்கி என்பது வெளியிலிருந்து புதிதாக வந்து ஒட்டும் நோயன்று. இளமையில் நமக்குச் சின்னம்மை கண்டு ஆறிய பின்னரும், அதனை உண்டாக்கிய வைரஸ் கிருமி உடலை விட்டு முற்றும் நீங்குவதில்லை. முதுகுத்தண்டை ஒட்டிய நரம்பு முடிச்சுகளில் அது பல்லாண்டுகள் உறங்கிக் கிடக்கிறது. உடலின் காவற்படையாகிய வெள்ளணுக்களில் ஒரு வகை அதனை விழிக்கவொட்டாமல் அடக்கி வைத்துள்ளது. முதுமையாலோ நோயாலோ மருந்தாலோ அக்காவல் தளரும்போது, கிருமி பெருகி ஒரு நரம்பின் வழியே தோலை நோக்கி இறங்குகிறது. ஆகவேதான் கொப்புளங்கள் உடலின் ஒரு பக்கத்தில் மட்டும், அந்நரம்பு செல்லும் பாதையில், பட்டை போல் எழுகின்றன. நரம்பு முதலில் புண்படுவதால், கொப்புளத்திற்கு இரண்டு மூன்று நாட்கள் முன்பே வலி தோன்றிவிடுகிறது. விலாவில் வந்தால் மாரடைப்பென்றும், வயிற்றில் வந்தால் குடற்கோளாறென்றும் மருத்துவர்களே ஐயுறுவதுண்டு.

கன்னட நாட்டில் இதனைச் சர்ப்ப சுத்து என்பர். பாம்பு சுற்றுவது போல் இடுப்பைச் சுற்றி வந்து தலையும் வாலும் சேர்ந்தால் உயிர் போகும் என்ற அச்சம் பல இடங்களில் உண்டு. நரம்புகள் வலத்திற்கும் இடத்திற்கும் தனித்தனியே பிரிந்து செல்வதால், அக்கி பெரும்பாலும் உடலின் நடுக்கோட்டைக் கடப்பதில்லை. ஆனால் அந்த அச்சத்தில் ஓர் உண்மைத் துளி இருக்கிறதென்றே நமக்குத் தோன்றுகிறது. எதிர்ப்பாற்றல் குன்றியவர்க்கு அக்கி தன் பட்டையை விட்டு வெளியேறி உடலெங்கும் சிதறக்கூடும். நுரையீரலையும் கல்லீரலையும் மூளையையும் அது தாக்கினால் உயிருக்கே இடர் நேரும். அந்த எதிர்ப்பாற்றல் குன்றியோர் வரிசையில் முன்னிற்பவர் புற்றுநோயாளிகளே.

இரத்தப் புற்று, நிணநீர்க் கட்டி, எலும்பு மச்சைப் புற்று ஆகிய நோயுடையோர்க்கும், எலும்பு மச்சை மாற்றுச் சிகிச்சை பெற்றோர்க்கும் அக்கி வரும் வாய்ப்பு மிக அதிகம். ஆதலால் அவர்களுள் பலருக்கு வருமுன் காக்கும் மாத்திரையை மருத்துவரே தந்து வைப்பர். அதனை, "நோய்தான் இல்லையே" என்று இடையில் நிறுத்திவிடல் ஆகாது. மார்பகம், நுரையீரல், குடல் போன்ற உறுப்புகளில் புற்று உடையோர்க்கும், மருந்து ஏற்றும் காலத்தில் இவ்வாய்ப்பு மற்றவரைக் காட்டிலும் கூடுதலாகவே உள்ளது. மருந்தோடு சேர்த்துத் தரப்படும் ஸ்டீராய்டும் காவலைத் தளர்த்தும். மக்கள் "கரண்ட் வைத்தல்" என்று சொல்லும் கதிர்வீச்சு பெற்ற இடத்திலேயே அக்கி எழுவதும் உண்டு. அதனைக் கதிர்வீச்சால் வெந்த புண் என்று எண்ணி வாளாவிருந்து விடுவோர் உளர். மருத்துவம் முடிந்த பின்னும் காவல் உடனே மீள்வதில்லை. மாதங்கள் பல கடந்தும் அக்கி வரலாம்.

இனி, அந்தப் புதன்கிழமைக்கு வருவோம். நம் ஊர்களில் அக்கி கண்டவரைக் குயவர் இல்லத்திற்கு அழைத்துச் சென்று அக்கி எழுதுவித்தல் தொன்றுதொட்டு வரும் வழக்கம். செங்காவியைக் குழைத்துப் புண்ணின்மேல் பூசுவர்; சில இடங்களில் சிங்க உருவம் வரைவதும் உண்டு. அடுத்தடுத்த நாட்களில் மீண்டும் எழுதுவர். இதனை நாம் எள்ளி நகையாட முற்படவில்லை. மருந்தே இல்லாத காலத்தில், எரியும் தோலுக்கு அக்குழம்பு குளிர்ச்சி தந்தது. நோயாளிக்கு ஓர் ஆறுதலும் கிடைத்தது. உடல்வலிமை உள்ளவர்க்கு அக்கி பத்து நாட்களுக்குள் பொருக்குத் தட்டி, இரண்டு முதல் நான்கு வாரங்களில் தானே ஆறிவிடுவதால், எழுதியதனால் ஆறியது என்ற நம்பிக்கையும் வளர்ந்தது.

ஆனால் புற்றுநோய் மருத்துவத்தில் உள்ளவர்க்கு அது தானே ஆறும் என்று நம்பியிருக்க இயலாது. கிருமியை அடக்கும் மாத்திரை, கொப்புளம் தோன்றிய 72 மணி நேரத்திற்குள் தொடங்கப்பெற்றால் மிகுந்த பயன் தரும். அக்கி எழுதி முடியும் நாட்களும் அந்த 72 மணி நேரமும் ஏறத்தாழ ஒன்றே! அக்கி எழுதுவதால் விளையும் பெருங்கேடு, காவி மண்ணினும் அந்த நாட்களின் இழப்பேயாகும். இது நம் உறுதியான கருத்து. மண்ணாலும் கேடில்லை என்பதற்கில்லை. வெள்ளணுக்கள் குறைந்துள்ள வேளையில், உடைந்த கொப்புளத்தின்மேல் மண், வேப்பிலை அரைப்பு, சாம்பல் எதை இட்டாலும் வேறு கிருமிகள் புகுந்து சீழ் பிடிக்க இடமுண்டு. மருந்துக்கடையில் தாமாகக் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டுக் களிம்பும் கூடாது.

மூன்று நாட்கள் கழிந்துவிட்டனவே, இனிப் போய் என்ன பயன் என்று இருந்துவிடுவதும் தவறு. எதிர்ப்பாற்றல் குன்றியவர்க்குக் காலம் கடந்தாலும் மருந்து தருவர்.

இன்னொரு தயக்கமும் நம் இல்லங்களில் உண்டு. அக்கி வந்ததைச் சொன்னால் அடுத்த மருந்தேற்றும் நாளைத் தள்ளிவைத்து விடுவார்களோ, அதற்குள் புற்று வளர்ந்துவிடுமோ என்று அஞ்சிப் புடவைத் தலைப்பால் மறைத்துக்கொண்டு செல்வோர் உளர். நாள் தள்ளிப்போகலாம் என்பது உண்மையே. எனினும் அக்கி பரவிய நிலையில் மேலும் மருந்தேற்றி எஞ்சிய காவலையும் இழப்பதைவிடச் சில நாள் தாமதம் சிறியது. இரண்டையும் எடைபோட்டு முடிவு செய்ய வேண்டியவர் புற்றுநோய் மருத்துவர். அவரிடமே மறைத்தால் எடைபோடுவது யார்? அம்மை வகை ஆதலால் மருந்து உண்ணலாகாது என்று பெரியோர் தடுப்பதும் சில இல்லங்களில் நிகழ்கிறது. அவர்களிடம் பணிவோடும் பொறுமையோடும் எடுத்துரைக்க வேண்டியது இல்லத்து இளையோர் கடமை.

இம்மருந்துகளுள் முதன்மையானது அசைக்ளோவிர். இது வாழ்க்கை ஒன்றின் கதையோடு பின்னியிருப்பதால் சிறிது விலகிச் சொல்கிறோம். அமெரிக்க வேதியியலறிஞர் கெர்ட்ரூட் எலியன் தம் 15-ஆம் வயதில், பாட்டனார் புற்றுநோயால் மடிவதைக் கண்டு மருந்தாய்வில் உளம் கொண்டார். இரத்தப் புற்றுக்குரிய மெர்காப்டோபியூரின் என்னும் மருந்தை உருவாக்கியவர் அவர். அசைக்ளோவிரும் அவரது ஆய்வுக் குழுவின் உழைப்பில் வந்ததே. 1988-இல் மருத்துவ நோபல் பரிசை இருவருடன் பகிர்ந்துகொண்டார்.

அசைக்ளோவிர் மாத்திரையை வழக்கமாக 800 மில்லிகிராம் அளவில் நாளொன்றுக்கு ஐந்து முறை உட்கொள்ள வேண்டும். வாலாசைக்ளோவிர் என்பது உடலுக்குள் சென்று அசைக்ளோவிராக மாறுவது. அது நாளொன்றுக்கு மூன்று முறை போதும். அக்கி பரவும் அறிகுறி இருந்தாலோ, காவல் மிகத் தளர்ந்திருந்தாலோ மருத்துவமனையில் சேர்த்து எட்டு மணிக்கொரு முறை இரத்தக்குழாய் வழியே மருந்து செலுத்துவர். எவ்வழி என்பதை மருத்துவர் முடிவு செய்வார்.

இங்கே நம் ஒழுக்கத்தைத் தொட்டுப் பேசாமல் இயலாது. கதிரவன் மறைந்தபின் உண்ணாமை நோன்பைப் பிறழாது காப்போர் நம்மில் பலர். இரவில் நீரும் விலக்கியோர் உளர். அசைக்ளோவிர் சிறுநீரகத்தின் வழியே வெளியேறுவது. நீர் குறைந்தால் அது சிறுநீரகத்தில் படிகமாய்த் தங்கித் தீங்கு செய்யும். சிஸ்பிளாட்டின் போன்ற புற்றுநோய் மருந்துகள் முன்பே சிறுநீரகத்தைத் தளர்த்தியிருக்கவும் கூடும். ஆகவே, "நாங்கள் இரவில் நீரும் அருந்துவதில்லை" என்பதை மருத்துவரிடம் முதல் நாளே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். அவர் வாலாசைக்ளோவிரைத் தேர்ந்தெடுக்கலாம், அளவைத் திருத்தலாம், பகலில் அருந்தவேண்டிய நீரின் அளவைக் குறித்துத் தரலாம், மருத்துவமனையில் தங்கி ஊசிவழி பெறுமாறு சொல்லலாம். ஐந்து வேளை மருந்தைத் தாமாகவே பகலுக்குள் நெருக்கி விழுங்குவதும், மாலை வேளை மருந்தைச் சொல்லாமல் விட்டுவிடுவதும்தான் கேடு. நோயுற்ற காலத்தில் நோன்பைத் தளர்த்துவதா, எவ்வளவு தளர்த்துவது என்பதை நோயாளி தம் குருவிடம் கேட்டுத் தெளியலாம். ஆனால் அதற்காக மருந்தைத் தள்ளிப்போடாதிருக்க வேண்டுகிறோம். உடல்வலிமை குன்றிய அந்நாட்களில் புதிய உபவாசம் எதனையும் மேற்கொள்ளாதிருத்தல் நன்று.

அக்கி கண்டவரிடமிருந்து மற்றவர்க்கு அக்கி தொற்றாது. ஆனால் சின்னம்மையே காணாதவர், தடுப்பூசியும் பெறாதவர் அக்கொப்புள நீரைத் தொட நேர்ந்தால் அவருக்குச் சின்னம்மை வரும். நம்மைப் போன்ற வெப்ப நாடுகளில் சின்னம்மை இளமையைக் கடந்தும் வருவதால், வளர்ந்தோரிலும் அதனைக் காணாதவர் உளர். ஆதலால் கொப்புளங்கள் எல்லாம் பொருக்குத் தட்டும் வரை தூய மெல்லிய துணியால் மூடி வைத்தல் வேண்டும். பேரக் குழந்தையைத் தூக்காதிருத்தலும், கருவுற்ற பெண்கள் அணுகாதிருத்தலும் வேண்டும். துண்டு, படுக்கை விரிப்பு தனியே இருக்கட்டும். மருத்துவமனைக்குச் சென்றவுடன், மருந்தேற்றக் காத்திருக்கும் பிற நோயாளிகளோடு சேர்ந்து அமரும் முன்பே செவிலியரிடம் சொல்லித் தனியிடம் கேட்க வேண்டும். அக்கூடத்தில் உள்ள ஒவ்வொருவரும் நம் இல்லத்து நோயாளியைப் போன்றே காவல் தளர்ந்தவர். அவருக்கு வரும் சின்னம்மை எளிய நோயாக இராது.

சில குறிகள் கண்டால் மறுநாள் வரை காத்திருத்தல் கூடாது. வெப்பமானியில் 100.4 பாகையும் அதற்கு மேலும் காய்ச்சல், முதலில் கண்ட பட்டைக்கு அப்பால் ஆங்காங்கே புதிய கொப்புளங்கள், மூச்சுத் திணறல், கடும் தலைவலி, மனக்குழப்பம் ஆகியன அவை. நெற்றியிலோ மூக்கு நுனியிலோ கொப்புளம் எழுந்தால் கண்ணுக்கு ஆபத்து. அன்றே கண் மருத்துவரும் பார்த்தாக வேண்டும். காதைச் சுற்றி எழுந்து முகம் ஒருபுறம் கோணினாலும் அவ்வாறே.

புண் ஆறியபின்னும் சிலர்க்கு வலி மட்டும் நின்றுவிடுகிறது. மேலாடை உரசினாலும் தீப்பட்டது போல் துடிப்பர். மூன்று மாதங்களுக்கு மேலும் அது நீடித்தால் அக்கிக்குப் பிந்திய நரம்பு வலி என்பர். முதியோர்க்கே இது மிகுதி. வழக்கமான வலி மாத்திரைகள் இதற்கு அவ்வளவாகப் பயன்படுவதில்லை. கபாபென்டின், பிரிகாபலின், அமிட்ரிப்டிலின் போன்றவை நரம்பின் கொதிப்பைத் தணிப்பன. இவை தொடக்கத்தில் தூக்கத்தையும் தள்ளாட்டத்தையும் தரும். இரவில் எழும்போது ஒருவர் துணை வேண்டும். குப்பி வடிவில் வரும் மருந்துகளின் கூடு பெரும்பாலும் விலங்கின் எலும்பு, தோலிலிருந்து பெறும் ஜெலட்டினால் ஆனது. கபாபென்டின் மாத்திரை வடிவிலும் கிடைக்கிறது. தாவரக் கூடுடைய மருந்துகளும் உள்ளன. கேட்டால் மருத்துவர் மாற்றி எழுதித் தருவர். கேட்கத் தயங்கி மருந்தையே விட்டுவிட்ட பின் வலியை மட்டும் சுமப்பதில் பொருளில்லை. தேனில் குழைத்துத் தரும் நாட்டு மருந்துகளைப் பற்றி நாம் தனியே சொல்ல வேண்டுவதில்லை.

தடுப்பூசி பற்றிப் பலர் வினவுவர். முன்பு வழக்கிலிருந்த உயிருள்ள கிருமியால் ஆன ஊசி, புற்றுநோய் மருத்துவம் பெறுவோர்க்கு ஏற்றதன்று. உயிருள்ள கிருமி இல்லாத ஷிங்ரிக்ஸ் என்னும் ஊசிக்கு அமெரிக்காவில் 2017-இல் ஒப்புதல் கிடைத்தது. எதிர்ப்பாற்றல் குன்றிய, 18 வயது நிறைந்தோர்க்கும் அங்கு 2021-இல் ஒப்புதல் விரிவாக்கப்பட்டது. இந்தியாவில் 2023 முதல் கிடைக்கிறது. இரண்டு தவணைகள் போட வேண்டும், விலை மிகுதி. மருந்தேற்றத் தொடங்குமுன் போடுதல் நன்று. இயலாதவர்க்கு, காவல் சற்றே மீண்டுள்ள இடைவேளையை மருத்துவர் குறித்துத் தருவார். வந்துள்ள அக்கியை இவ்வூசி ஆற்றாது.

முசரவாக்கத்து இல்லத்தார் புதன்கிழமை காலையிலேயே புறப்படட்டும். கையில் சிகிச்சைக் குறிப்பேட்டையும், கடைசி இரத்தப் பரிசோதனைச் சீட்டையும், இப்போது உட்கொள்ளும் மாத்திரைகளின் அட்டைகளையும் எடுத்துக்கொள்ள வேண்டும். வலி தொடங்கிய நாளையும், முதற்கொப்புளம் கண்ட நேரத்தையும் ஒரு தாளில் எழுதிக் குறிப்பேட்டின் முதற்பக்கத்தில் வைத்துக்கொண்டால், அங்குள்ள மருத்துவர் கேட்கும் முதல் வினாவிற்கு அதுவே விடையாகும்.