வேலியும் எல்லைக்கல்லும்

தோட்டத்தை விட்டுப் பினாங்கில் சொந்த வீடு வாங்கும் நம்மவர்க்குச் சிலவேளை வேலித் தகராறு நேர்கிறது. "20 ஆண்டுகளாக வேலி இங்கேயே உள்ளது, ஆகவே இவ்விடம் எமக்கே சொந்தம்" என அண்டை வீட்டார் வாதிடலாம், நாமும் அவ்வாறே எண்ணலாம். அது சரியன்று. 1966 ஜனவரி 1 முதல் நடப்பிலுள்ள தேசிய நிலச் சட்டத்தின் 341ஆம் பிரிவின்படி, பிறர் எத்தனை ஆண்டுகள் அனுபவித்தாலும் பட்டாதாரரின் உரிமை அழியாது. எல்லையைக் காட்டுவது வேலியன்று. அளந்து நட்ட எல்லைக்கல்லே.

ஆதலின், முதலில் அண்டை வீட்டாருடன் அமர்ந்து, இரு பட்டாக்களின் வரைபடங்களையும் ஒப்பிடுவோம். கல் தென்படாவிடின், உரிமம் பெற்ற நில அளவையாளரை அழைத்து, செலவை இருவரும் பகிர்ந்துகொள்ளலாம். எல்லைக்கல்லைப் பெயர்த்தல் குற்றமாகும். அளந்து அறியுமுன் வேலியில் கைவைக்காதிருப்போமாக.