ஊசிக்குப் பின் வரும் வீக்கம்

கேள்வி: இன்சுலின் போட ஆரம்பித்த சில நாட்களிலேயே அப்பாவின் கால் வீங்கிவிட்டது. ஊசியை நிறுத்திவிடலாமா?
– ஒரு வாசகர், திருவொற்றியூர்

பதில்: தானாக நிறுத்தக் கூடாது, உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும். நீண்ட காலம் சர்க்கரை கட்டுக்குள் வராதவருக்கு இன்சுலின் தொடங்கும்போது, சிறுநீரகம் உப்பைத் தக்கவைத்துக்கொள்ளும். உப்போடு நீரும் தங்கி, கணுக்கால் வீங்கும். அபூர்வம்தான், பெரும்பாலும் தானே வடியும். ஆனால் இதயமோ சிறுநீரகமோ காரணமில்லை என்பதைப் பரிசோதித்த பிறகே அப்படிச் சொல்ல முடியும். மூச்சு வாங்கினால் காத்திருக்கவே கூடாது.

இன்சுலினின் வரலாறே பக்கவிளைவோடுதான் தொடங்கியது. 1922 ஜனவரியில் டொரண்டோவில் 14 வயது லியோனார்ட் தாம்சனுக்குப் போட்ட முதல் ஊசி, போட்ட இடத்தில் சீழ்க்கட்டியைக் கிளப்பியது. மருந்தைச் சுத்திகரித்த பிறகே பலன் கிடைத்தது.

இங்கே சென்னை ராயபுரத்தில் டாக்டர் எம். விசுவநாதன் 1954-இல் தொடங்கிய மருத்துவமனை, 1971-இல் சர்க்கரை நோய்க்கென்றே தனி மருத்துவமனையானது. அன்றைக்குக் கிடைத்தது மாடு, பன்றிகளின் கணையத்திலிருந்து எடுத்த இன்சுலின். ஒவ்வாமையும், ஊசி போட்ட இடத்தில் கொழுப்பு கரைந்து தோல் குழி விழுவதும் அப்போது சகஜம். 1982-இல் மனித இன்சுலின் விற்பனைக்கு வந்த பிறகு இரண்டும் அரிதாகிவிட்டன.

எகிறிக் கிடந்த சர்க்கரை மளமளவென்று இறங்கும்போது, சிலருக்குக் காலில் தீயாய் எரிச்சல் வரும். ‘மருந்து ஒத்துக்கலை’ என்று ஊசியை விடுகிறவர்கள் உண்டு. விபரீதம்! எரிச்சல் மாதக்கணக்கில் நீடித்தாலும் மெல்லத் தணியும்.

இவையெல்லாம் அரியவை. அடிக்கடி வருவது தாழ்சர்க்கரை. எண்ணூர்ப் பக்கம் ஷிப்ட் வேலைக்குப் போகிறவர், ஊசி போட்டுவிட்டுச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டால் வியர்த்து, கை நடுங்கும். சட்டைப்பையில் குளுக்கோஸ் பொட்டலம் இருக்கட்டும்.