கூட்டம் எத்தனை மணிக்கு?

அது ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடம். ஐந்து வகுப்புகள். இரண்டே ஆசிரியர்கள். அவர்களில் ஒருவர் தலைமையாசிரியை. அவரும் வகுப்பு எடுக்க வேண்டும்.

காலையில் வருகைப் பதிவேடு. பிறகு பாடம். எத்தனை பிள்ளைகள் சாப்பிடுவார்கள் என்று சமையல்கார அம்மாவிடம் கணக்குச் சொல்ல வேண்டும். அரிசி, பருப்பு அளந்து கொடுக்க வேண்டும். பிள்ளைகளுக்குச் சோறு போடும் முன் ஆசிரியர் ருசி பார்க்க வேண்டும். இடையில் மேலிடத்துக்கு அனுப்பும் படிவங்கள் வேறு. தேர்தல் வந்தால் தேர்தல் வேலை. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வந்தால் அந்த வேலை.

இப்படி ஒரு நாளில் மூன்றாம் வகுப்புப் பையனின் தாய் வந்தார். அவர் செங்கல் சூளையில் கூலி வேலை செய்பவர்.

"டீச்சர், பையன் இன்னும் எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறான். ஏன்னு தெரியலை."

"இப்ப பாடம் நடக்குதும்மா. வெள்ளிக்கிழமை மூணு மணிக்குக் கூட்டம் இருக்கு. வாங்க, பேசலாம்."

"மூணு மணிக்கு வந்தா அரைநாள் கூலி போயிடுமே, டீச்சர்."

தலைமையாசிரியையிடம் பதில் இல்லை.

"பெற்றோர் கூட்டத்துக்கே வருவதில்லை" என்று பள்ளியில் சொல்வார்கள். "டீச்சருக்குப் பேச நேரமே இல்லை" என்று ஊரில் சொல்வார்கள். இரண்டும் உண்மைதான். யாரைக் குறை சொல்வது?

சட்டம் என்ன சொல்கிறது? 2009ஆம் ஆண்டில் கட்டாயக் கல்விச் சட்டம் வந்தது. 2010 ஏப்ரல் 1 முதல் அது நடப்பில் உள்ளது. அதன்படி ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். குழுவில் நூற்றுக்கு 75 பேர் பெற்றோராக இருக்க வேண்டும். பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். ஆசிரியர்களும் பெற்றோரை முறையாகக் கூட்டிப் பேச வேண்டும். பிள்ளை ஒழுங்காக வருகிறதா, எவ்வளவு கற்றிருக்கிறது என்று சொல்ல வேண்டும். கையெழுத்துப் போடும் பெற்றோர் மட்டும்தான் குழுவில் இருக்கலாம் என்று எங்கும் இல்லை.

அந்தத் தாய் தன் தெருவில் இருந்த குழு உறுப்பினரான அக்காவிடம் சொன்னார். அடுத்த கூட்டத்தில் அக்கா நேரத்தைப் பற்றிக் கேட்டார். "ராத்திரி ஏழு மணிக்கு வைக்கலாமே" என்றார் ஒருவர். "ஆறு மணிக்கு எனக்குக் கடைசி பஸ்" என்றார் தலைமையாசிரியை. அதுவும் நியாயம்தானே! கொஞ்ச நேரம் வாக்குவாதம் நடந்தது. முடிவில் சந்தை நாளைப் பிடித்தார்கள். அன்று சூளையில் மதியம் வரைதான் வேலை. மாலை நாலு மணிக்குக் கூட்டம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். அரிசி அளக்கும்போது தினம் ஒரு தாய் கூட நிற்பது என்றும் முடிவானது. டீச்சருக்குக் கொஞ்சம் நேரம் மிச்சமானது.

முதல் சந்தை நாள் கூட்டத்துக்கே அந்தத் தாய் வந்தார்.

"கரும்பலகையில இருக்கறதைத் தப்புத் தப்பா எழுதறான்" என்றார் டீச்சர்.

"வீட்டிலயும் புத்தகத்தை மூக்குக்கிட்ட வைச்சுத்தான் பார்க்கறான்" என்றார் தாய்.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஒருவர் பள்ளியில் பார்த்தது. மற்றவர் வீட்டில் பார்த்தது. இரண்டையும் சேர்த்தால்தான் விஷயம் புரிந்தது. அரசு மருத்துவமனையில் கண் பரிசோதனை செய்தார்கள். பையனுக்குக் கிட்டப் பார்வை. இப்போது கண்ணாடி போட்டு முதல் வரிசையில் உட்காருகிறான். விட்டுப்போன பாடத்தைப் பிடிக்க இன்னும் நாளாகும்.

எழுதிப் பாருங்கள்

உங்கள் ஊர்ப் பள்ளியில் கூட்டம் எத்தனை மணிக்கு? அந்த நேரம் உங்களுக்குச் சரிப்படவில்லை என்றால் இப்படி எழுதலாம்.

தலைமையாசிரியர் அவர்களுக்கு,
வணக்கம். என் பிள்ளை உங்கள் பள்ளியில் ........ வகுப்பில் படிக்கிறது. நான் ........ வேலைக்குப் போகிறேன். கூட்ட நேரத்தில் என்னால் வர முடியவில்லை. ........ கிழமை ........ மணிக்குக் கூட்டம் வைத்தால் வருவேன். இதைக் குழுவில் பேசும்படி கேட்டுக்கொள்கிறேன்.
இப்படிக்கு,
........