பாடத்துல 'செய்', பரீட்சையில 'எழுது'

நம்ம இன்டர்னல் டெஸ்ட் கேள்வித்தாளை எடுத்துப் பாருங்க. ஒவ்வொரு கேள்விக்கும் ஓரத்துல 'சிஓ2, கே3' மாதிரி ஏதாவது இருக்கும். நாலு வருஷமா அதைப் பார்க்கிறோம், ஆனா பெரும்பாலும் யாரும் கவனிக்கிறதில்ல. எத்தனை மார்க்னு பார்த்துட்டு எழுத ஆரம்பிச்சிடுவோம். அந்த ரெண்டு குறியீட்டுக்குள்ள ஒரு நல்ல யோசனை இருக்கு. அது புரிஞ்சா, அடுத்த என்.எஸ்.எஸ். முகாம்ல ஒரு அரசுப் பள்ளியில நீங்க எடுக்கப்போற கம்ப்யூட்டர் வகுப்பு அந்தப் பசங்களுக்கு உண்மையிலேயே உதவும். இந்தக் கட்டுரை அதுக்குத்தான்.

சிஓ, கே: ரெண்டுக்கும் என்ன அர்த்தம்?

சிஓ என்பது கோர்ஸ் அவுட்கம். 'இந்தப் பாடத்தை முடிச்ச மாணவருக்கு என்ன செய்யத் தெரிஞ்சிருக்கணும்' என்று சொல்லும் ஒரு வாக்கியம். கே என்பது அறிவின் படி. 1956-ல் பெஞ்சமின் ப்ளூம் குழு வகுத்து, 2001-ல் திருத்தப்பட்ட ஆறு படிகள் இவை: நினைவில் வைத்தல், புரிந்துகொள்ளல், பயன்படுத்தல், பகுத்தாய்தல், மதிப்பிடல், உருவாக்கல். கே1 மனப்பாடம், கே3 செய்து காட்டுறது, கே6 புதுசா ஒண்ணை உருவாக்குறது.

2014 ஜூன்ல இந்தியா வாஷிங்டன் உடன்படிக்கையில முழு உறுப்பினர் ஆச்சு. நம்ம நாட்டுப் பொறியியல் படிப்புகளுக்கு அங்கீகாரம் தர்ற தேசிய அங்கீகார வாரியம், 'மாணவருக்கு என்ன செய்யத் தெரிஞ்சிருக்கு' என்பதை வெச்சே கல்லூரிகளை அளக்குது. நம்ம கேள்வித்தாள் ஓரத்துல அந்தக் குறியீடுகள் இருக்கிறதுக்கு அதுதான் காரணம்.

இதோட அடிப்படையை 1996-ல் ஜான் பிக்ஸ் என்ற கல்வியாளர் தெளிவா எழுதினார். மூணு விஷயம் ஒரே கோட்டுல நிக்கணும்: என்ன கத்துத் தர்றோம்னு சொன்னோம், வகுப்புல மாணவரை என்ன செய்ய வெச்சோம், தேர்வுல என்ன கேட்டோம். மூணுலயும் வினைச்சொல் ஒண்ணா இருக்கணும்.

நம்ம ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு இது நல்லாவே தெரியும். எல்.எல்.ஆர். வாங்க ரோடு சிக்னல் எல்லாம் தெரியுமான்னு கேள்வி கேப்பாங்க, ஏன்னா அது 'தெரிந்துகொள்ளல்'. பைக் லைசென்சுக்கு எட்டு போட்டுக் காட்டணும், ஏன்னா அது 'செய்தல்'. 'எட்டு போடும் முறையை ஐந்து மதிப்பெண் அளவில் விளக்குக' என்று கேட்டு லைசென்ஸ் கொடுத்தா எப்படி இருக்கும்?

பிளஸ் டூ புத்தகத்துக்கு வருவோம்

தமிழ்நாட்டுல புதிய பாடத்திட்டம் 2018-19-ல் 1, 6, 9, 11 வகுப்புகளுக்கும், அடுத்த வருஷம் பிளஸ் டூ உட்பட மத்த வகுப்புகளுக்கும் வந்துச்சு. ஒவ்வொரு பாடத்தோட தொடக்கத்துலயும் கற்றல் நோக்கங்கள்னு ஒரு பட்டியல் இருக்கும். மாநிலம் மாணவருக்குக் கொடுக்கிற வாக்கு அதுதான்.

பிளஸ் டூ கணக்குப்பதிவியல் புத்தகத்தோட கடைசிப் பாடம், டேலி வழியா கணினிமயக் கணக்கு. கம்பெனி உருவாக்குறது, பேரேடு திறக்கிறது, வவுச்சர் பதியறது, அறிக்கை எடுக்கிறதுன்னு எல்லாம் படிப்படியா இருக்கு. நல்ல பாடம். ஆனா கணக்குப்பதிவியலுக்கு மதிப்பெண் எப்படின்னு பாருங்க: எழுத்துத் தேர்வு 90, அகமதிப்பீடு 10. பொதுத்தேர்வுல செய்முறைக்கு இடமே இல்ல. கீபோர்டைத் தொடாமலே டேலி பாடத்துல முழு மார்க் வாங்கிடலாம். வாக்கு கே3, கேள்வி கே1.

கணினிப் பயன்பாடுகள் பாடத்துல நிலைமை வேற. அங்கே எழுத்துத் தேர்வு 70, செய்முறை 20, அகமதிப்பீடு 10. பிஹெச்பி, நெட்வொர்க், மின் வணிகம் எல்லாம் இருக்கு. 'செய்'னு சொன்னதைச் செய்யச் சொல்லியே கேக்குறாங்க. ஆனா அதே 2019 புத்தகத்துல பேஜ்மேக்கரும் இருக்கு. அந்த மென்பொருளோட கடைசிப் பெரிய பதிப்பு 2001-ல் வந்தது, அதுக்கப்புறம் அடோபி நிறுவனமே இன்டிசைனுக்குப் போயிடுச்சு. பக்க வடிவமைப்பு என்ற திறன் இன்னைக்கும் தேவைதான். கருவிதான் பழசு.

ஆக, கோடு ரெண்டு இடத்துல அறுந்து போகலாம். ஒண்ணு, பாடத்துக்கும் தேர்வுக்கும் நடுவுல. இன்னொண்ணு, பாடத்துக்கும் வெளியில இருக்கிற வேலைக்கும் நடுவுல.

இதுல நஷ்டப்படுறது யாரு? பிளஸ் டூ காமர்ஸ் முடிச்சிட்டு, அதே டேலியைத் தனியார் சென்டர்ல காசு கட்டித் திரும்பப் படிக்கிறவங்க உங்க ஊர்லயும் இருப்பாங்க. கட்ட முடிஞ்சவங்க கட்டிப் படிச்சிடுறாங்க. முடியாதவங்களுக்குச் சான்றிதழ்ல மார்க் இருக்கு, கையில வேலை இல்ல.

வெளியில இருக்கிற அளவுகோல்

தொழிற்கல்வி நமக்குப் புதுசு இல்ல. 1978-ல் தமிழ்நாட்டுல மேல்நிலைக் கல்வி வந்தப்பவே தொழிற்கல்விப் பிரிவும் வந்துச்சு. அலுவலக மேலாண்மை, வேளாண்மை, அடிப்படை மின் பொறியியல்னு பல பாடங்கள், செய்முறைக்குத் தனித் தேர்வு. அந்தப் பிரிவுல படிச்சு நம்ம பொறியியல் கலந்தாய்வுல தனித் தரவரிசைப் பட்டியல் வழியா வந்தவங்க உங்க வகுப்புலயே இருக்கலாம்.

மத்திய அரசு 2013 டிசம்பர்ல தேசிய திறன் தகுதிக் கட்டமைப்பை அறிவிச்சது. ஒவ்வொரு வேலைக்கும் 'இந்த வேலையில இருக்கிறவர் இதையெல்லாம் செய்யணும்' என்று ஒரு பட்டியல் அதுல உண்டு. உதாரணமா டேட்டா என்ட்ரி ஆப்பரேட்டர் என்ற வேலைக்கே அப்படி ஒரு பட்டியல் இருக்கு. பள்ளிப் பாடத்தை அதோட ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

அமெரிக்காவுல ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனித்தனிப் பாடத் தரம். அங்கே தொழிற்கல்விக்கு நிதி தர்ற பெர்கின்ஸ் சட்டத்தை 2018-ல் புதுப்பிச்சப்போ ஒரு நிபந்தனை சேர்த்தாங்க. நிதி வாங்குற பள்ளி மாவட்டங்கள் குறைஞ்சது ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறை, தங்கள் பகுதியில என்ன வேலை இருக்கு, பாடம் அதுக்குப் பொருந்துதான்னு ஆய்வு பண்ணணும். இந்த வழியை நாமளும் எடுத்துக்கலாம். மாநிலத் தரத்தை மாத்த நமக்கு அதிகாரம் இல்ல. அதை ஊரோட இணைக்கிற உதாரணத்தை நாமளே தேர்ந்தெடுக்கலாம்.

படவேட்டுல ஒரு வகுப்பு

உங்க முகாம் படவேட்டுலன்னு வைங்க. திருவண்ணாமலை மாவட்டம், போளூர் பக்கம், ஜவ்வாது மலை அடிவாரம். ஒரு காலத்துல சம்புவராயர்களோட தலைநகரா இருந்த ஊர். இப்போ ரேணுகாம்பாள் கோயிலுக்குப் பேர்போனது. வாழை, நெல், மலையிலேர்ந்து இறங்குற சாமை, ஆடி வெள்ளியில கோயில் கூட்டத்தை நம்பிப் போடுற கடைகள். வணிகப் பாடத்துக்கு இதைவிட நல்ல லேப் கிடைக்குமா?

ஏழு நாள் முகாம்ல பள்ளிக்குன்னு ரெண்டு மணி நேரம் கிடைச்சா போதும். முதல்ல தரத்தை ஒரு வாக்கியமா எழுதுங்க: 'மாணவர் ஒரு சிறு கடையின் ஒரு நாள் வரவு செலவை டேலியில் பதிந்து, லாபத்தைக் கண்டுபிடித்து, அது சரியா என்று சொல்வார்.' பதிவார், கண்டுபிடிப்பார், சொல்வார்: மூணு வினைச்சொல். 'அறிவார்', 'உணர்வார்' மாதிரி கண்ணால பார்க்க முடியாத வினைச்சொல் வேண்டாம்.

அடுத்து, இந்தக் கணக்கைக் கொடுங்க. எண்கள் பயிற்சிக்காக நாமே வெச்சுக்கிட்டவை.

ஒருத்தர் ரூ.20,000 ரொக்கத்தோட ஆடி வெள்ளிக்குத் தேங்காய்க் கடை போடுறார். போளூர் வியாபாரிகிட்ட 300 தேங்காய், ஒண்ணு ரூ.30 வீதம், கடனுக்கு வாங்குறார். 240 தேங்காய், ஒண்ணு ரூ.40-க்கு விக்குது. வந்த ரூ.9,600-ல் ரூ.6,000 ரொக்கம், ரூ.3,600 யுபிஐ வழியா வங்கிக்கு. இடத்துக்கு வாடகை ரூ.1,500. சாயங்காலம் வியாபாரிக்கு ரூ.5,000 ரொக்கமா கொடுத்துடுறார்.

டேலியில முதலீட்டுக்கு எஃப்6 வரவு வவுச்சர், கொள்முதலுக்கு எஃப்9, விற்பனைக்கு எஃப்8, வாடகைக்கும் வியாபாரிக்கும் எஃப்5. லைசென்ஸ் இல்லைன்னு கவலைப்படாதீங்க. டேலி பிரைம்ல எஜுகேஷனல் மோடு இலவசம், ஆனா மாசத்தோட 1, 2, 31 தேதிகள்ல மட்டும்தான் பதிய விடும். அதனால கணக்கோட தேதியை 2025 ஆகஸ்ட் 1-னு வைங்க. அது ஆடி வெள்ளியேதான். புத்தகத்துல இருக்கிறது டேலி ஈஆர்பி 9, நீங்க காட்டுறது 2020-ல் வந்த பிரைம். திரை மாறியிருக்கு, வவுச்சர் வகைகள் அதேதான். அதையும் பசங்ககிட்ட சொல்லிடுங்க.

கடைசியா ரொக்கம் ரூ.19,500, வங்கி ரூ.3,600, மீதி 60 தேங்காயோட மதிப்பு ரூ.1,800. மொத்தம் ரூ.24,900. எதிர்ப்பக்கம் வியாபாரிக்குத் தரவேண்டியது ரூ.4,000, முதலும் லாபமும் சேர்ந்து ரூ.20,900. லாபம் ரூ.900.

இங்கேதான் கவனிக்க வேண்டியது. மீதித் தேங்காயைச் சேர்க்க மறந்துட்டா, அதே டேலி ரூ.900 நஷ்டம்னு காட்டும். இருப்புநிலைக் குறிப்பு ரெண்டு பக்கமும் ரூ.23,100-னு அழகா சமமாவும் இருக்கும். மென்பொருள் எந்தத் தப்பும் சொல்லாது. கூடையில இன்னும் 60 தேங்காய் இருக்கேன்னு கேக்கத் தெரிஞ்ச மாணவர்தான் அதைப் பிடிப்பார். அந்தக் கேள்வி எழுத்துப் பாடத்துல படிச்ச இறுதிச் சரக்கிருப்புலேர்ந்து வருது. 'தியரி வேஸ்ட், பிராக்டிகல்தான் முக்கியம்'னு யாராவது சொன்னா இந்தத் தேங்காய்க் கணக்கைக் காட்டுங்க.

கடைசியில சோதனை. பத்து மார்க் வைங்க: கம்பெனியும் பேரேடுகளும் 2, வவுச்சர்கள் 4, சரியான லாபம் 2, 'இந்தக் கடைக்காரர் அடுத்த வெள்ளி எத்தனை தேங்காய் வாங்கலாம், ஏன்?' என்ற கேள்விக்கு வாய்வழிப் பதில் 2. அகமதிப்பீட்டுப் பத்து மார்க்ல ஒப்படைவுக்கும் செயல்திட்டத்துக்கும் பங்கு உண்டு. இந்தப் பயிற்சியை அதுக்கு எடுத்துக்கலாமான்னு பாட ஆசிரியர்கிட்ட மரியாதையா கேட்டுப் பாருங்க. பொதுத்தேர்வு மாறக் காத்திருக்க வேண்டியதில்ல.

கிளம்புறதுக்கு முன்னாடி

எந்த ஊர், எந்தப் பாடமா இருந்தாலும் இந்த நாலு கேள்விக்குப் பதில் எழுதி வெச்சுக்கிட்டுப் போங்க.

1. இது மாநிலப் பாடத்தோட எந்தக் கற்றல் நோக்கம்? புத்தகத்தைத் திறந்து அந்த வரியைக் கண்டுபிடிங்க. அப்படி ஒரு வரி இல்லைன்னா, உங்களுக்குப் பிடிச்சதைப் பாடமா எடுக்கப் போறீங்கன்னு அர்த்தம்.

2. அந்த வரியோட வினைச்சொல் என்ன? வகுப்புல கீபோர்டு அவங்க கையில இருக்கா, உங்க கையிலயா?

3. அந்த ஊர்ல இதை வெச்சு இன்னைக்கே யாரு பிழைக்கிறாங்க? அந்தக் கடைக்காரரையோ, சங்கத்துல கணக்கு எழுதுறவரையோ ஒரு அரை மணி நேரம் வகுப்புக்குக் கூப்பிட முடியுமா?

4. கத்துக்கிட்டாங்கன்னு எதை வெச்சுச் சொல்வீங்க? 'புரிஞ்சுதா?'ன்னு கேட்டா எல்லாரும் 'புரிஞ்சுது அண்ணா'ன்னுதான் சொல்வாங்க. செஞ்சு காட்டச் சொல்லுங்க.

இன்னொண்ணு. முகாம்ல பவர்பாயின்ட் போட்டு செயற்கை நுண்ணறிவு பத்திப் பேசினா பசங்க கை தட்டுவாங்க, போட்டோவும் நல்லா வரும். தேங்காய்க் கணக்குக்கு அவ்வளவு கைதட்டல் வராது. ஆனா அடுத்த ஆடிக்கு அந்த வகுப்புல ஒரு பொண்ணு, தன் அம்மா போடுற பூக்கடையோட கணக்கைத் தானே எழுதி, இந்த வாரம் லாபமா நஷ்டமான்னு சொல்ல முடியும். மாநிலம் புத்தகத்துல எழுதி வெச்ச நோக்கமும் அதுதான்.