மயில் ஏன் காரை உதைக்கிறது?

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கத்து ஆட்கள் மயில் பார்ப்பதற்காக இப்போது விராலிமலைக்குப் போவதில்லை. காலையில் கதவைத் திறந்தால் காம்பவுண்டுச் சுவரில் நிற்கிறது. மொட்டை மாடியில் காயப்போட்ட வடகத்தைக் கிளறிப் போடுகிறது. இது கொங்கு நாட்டோடு நிற்கிற கதையும் இல்லை. பறவை நோக்கர்களின் பதிவுகளைத் தொகுத்து 2023இல் வெளியான ‘இந்தியப் பறவைகளின் நிலை’ அறிக்கை, நாட்டில் மயில்கள் 150 சதவீதத்துக்கு மேல் பெருகியிருப்பதாகச் சொல்கிறது. 1933இல் திருவிதாங்கூர், கொச்சிப் பகுதிகளில் பறவைக் கணக்கெடுத்த சாலிம் அலிக்கு அங்கே மயிலே தட்டுப்படவில்லை. இன்று கேரளத்து நெல் விவசாயிகள் அதை ஒரு தொல்லையாகப் பேசுகிறார்கள்.

மயில் தூரத்தில் இருந்தவரை, அதைப் பற்றி நாம் எதை நம்பினாலும் யாருக்கும் நட்டமில்லை. புத்தகத்துக்குள் வைத்த மயிலிறகு குட்டி போடும் என்று பென்சில் சீவலை இரையாக வைத்த பிள்ளைகளால் எந்த மயிலுக்கும் கேடு வந்ததில்லை. வாசலுக்கு வந்த பிறகு கதை வேறு. நாம் தப்பாக நம்பினால் ஒன்று நம் வீட்டுக் குழந்தைக்குக் கீறல் விழும், இல்லை மயிலுக்கு விஷம் விழும்.

“பைத்தியம் பிடித்த மயில்தான் கார்க் கண்ணாடியைக் கொத்தும்”

பைத்தியம் இல்லை, பருவம். தென்னிந்தியாவில் மயில்களின் இனப்பெருக்கக் காலம் ஏப்ரல், மே மாதங்களில் உச்சத்தில் இருக்கும். அப்போது ஆண்மயில் ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டு அங்கேயே தினமும் தோகை விரிக்கும். இன்னோர் ஆண் எட்டிப் பார்த்தாலும் பொறுக்காது.

கறுப்பு நிறக் கார் ஒன்று, கழுவித் துடைத்த பளபளப்போடு அந்த இடத்தில் நின்றால் நடப்பதைக் கவனித்துப் பாருங்கள். மயில் நேராகப் பாயாது. கழுத்து மயிரைச் சிலிர்த்துக்கொண்டு, கதவுக்குப் பக்கவாட்டில் இரண்டு நடை நடக்கும். கதவுக்குள் இருக்கும் மயிலும் அதே இரண்டு நடை நடக்கும். எதிரி பின்வாங்கவே மாட்டேன் என்கிறானே என்று எகிறி இரண்டு காலாலும் உதைக்கும். ஆண்மயிலின் காலில் சேவலுக்கு இருப்பது போன்ற முள் உண்டு. பெயின்டில் விழும் நீளக் கீறல் பெரும்பாலும் அந்த முள்ளின் வேலை. உதைத்துவிட்டுச் சில மயில்கள் காரைச் சுற்றிப் பின்பக்கம் போய்த் தேடவும் செய்யும்.

சண்டை காரோடு அல்ல என்று தெரிந்துவிட்டால் தீர்வு எளிது. அந்த இரண்டு மூன்று மாதமும் காருக்கு உறை போடுங்கள். பக்கக் கண்ணாடிகளில் துணிப்பை மாட்டுங்கள். தரைவரை இறங்கும் ஜன்னல் கண்ணாடியாக இருந்தால் அதன் கீழ்ப்பாதியில் வெளிப்பக்கமாகச் செய்தித்தாள் ஒட்டுங்கள். பிம்பம் மறைந்தால் பகையும் மறைந்துவிடும். தோகை விரித்து நிற்கும் ஆணுக்குப் பக்கத்தில் சின்னக் குழந்தையை நிறுத்தி செல்பி எடுக்கும் வேலை மட்டும் வேண்டாம். மயிலாக வந்து மனிதரைத் தாக்குவது அபூர்வம்தான். ஆனால் நாலைந்து கிலோ எடையுள்ள பறவை அது, கொத்தும் உயரத்தில் இருப்பது குழந்தையின் முகம்.

“மயில் இருக்கும் இடத்தில் பாம்பு இருக்காது”

முருகன் படத்தில் மயிலின் காலடியில் பாம்பு கிடப்பதைப் பார்த்துப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். மயில் பாம்பைக் கொத்தித் தின்பது உண்மைதான். ஆனால் தின்பது சின்னப் பாம்பை. பெரிய நல்லபாம்பைக் கண்டால் கூட்டமாகச் சூழ்ந்து கத்தும், கொத்த முயலும், அவ்வளவுதான். பாம்புக்காகவே சுற்றித் திரியும் பறவை அல்ல அது. தானியம், முளைவிட்ட விதை, பழம், பூச்சி, கரையான், ஓணான் என்று கிடைத்ததையெல்லாம் தின்னும்.

இந்த நம்பிக்கையில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. பாம்பு வராமலிருக்க மயிலை வரவழைக்க வேண்டும் என்று கொல்லையில் தினமும் அரிசி இறைப்பவர்கள் இருக்கிறார்கள். இறைத்ததில் பாதியை மயில் தின்னும், மீதிக்கு ராத்திரி எலி வரும். எலிக்குப் பின்னால் யார் வருவார்கள் என்று சொல்லத் தேவையில்லை.

“மயில் அகவினால் மழை வரும்”

அகவுவது பெண்மயிலை அழைக்க, இல்லை ஆபத்தை அறிவிக்க. நாய் குரைத்தாலும் பட்டாசு வெடித்தாலும் அகவும். சித்திரை, வைகாசியில் மயில் அதிகம் அகவுகிறது, அதே மாதங்களில் கோடை மழையும் பெய்கிறது. இரண்டையும் நாம் முடிச்சுப் போட்டுக்கொண்டோம். மேகமே இல்லாத நாளில் அகவிய மயிலை யாரும் கணக்கில் வைப்பதில்லை.

அகவலை மட்டுமல்ல, ஆட்டத்தையும் தப்பாகப் புரிந்துகொண்டவர்கள் உண்டு. பழனிப் பக்கத்தை ஆண்ட பேகன், மயில் குளிரில் நடுங்குவதாக எண்ணிப் போர்வையைக் கொடுத்த கதை ஊரறிந்தது. அவன் கண்ணில் கோளாறு இல்லை. தோகை விரித்த ஆண்மயில் உண்மையாகவே நடுங்கும். தோகையை நொடிக்குச் சுமார் 25 தடவை அதிர வைக்கும், கிட்டத்தில் நின்றால் சலசலப்புக் கேட்கும். அவ்வளவு அதிர்விலும் தோகையிலுள்ள ‘கண்கள்’ மட்டும் அசையாமல் நிற்பதுபோல் தெரிவதை 2016இல் வெளியான ஓர் ஆய்வு விளக்கியது. நடுக்கத்துக்குக் காரணம் குளிர் அல்ல, எதிரே நிற்கும் பெண்மயில். வள்ளலின் போர்வையால் அன்று ஒரு கல்யாணம் கலைந்திருக்கலாம்.

“ஆண்மயிலின் கண்ணீரைக் குடித்தே பெண்மயில் கருத்தரிக்கும்”

2017இல் ராஜஸ்தான் உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவரே பத்திரிகையாளர்களிடம் இதைச் சொன்னதால் நாடே சிரித்தது. மயிலும் கோழியைப் போலத்தான் இணை சேருகிறது. பெண் தரையில், புதர் மறைவில் நான்கு முதல் எட்டு முட்டைகள் இட்டு, ஏறத்தாழ 28 நாள் தனியாகவே அடைகாக்கும். குஞ்சு வளர்ப்பில் ஆணுக்குப் பங்கில்லை. இந்தக் கண்ணீர்க் கதை தரும் பிரம்மச்சாரி என்ற பட்டத்தைவிடப் பொறுப்பில்லாத தகப்பன் என்ற பட்டம் அதற்குப் பொருந்தும்.

“மயிலிறகு இருந்தால் பல்லி வராது; மயில் எண்ணெய் தேய்த்தால் மூட்டுவலி போகும்”

மயிலிறகு மாட்டிய ஆணிக்குப் பின்னாலேயே குடியிருக்கும் பல்லிகள் உண்டு. அலங்காரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், தப்பில்லை. ஆடி, ஆவணி வாக்கில் ஆண்மயிலின் தோகை தானாக உதிரும், அடுத்த பருவத்துக்குள் மறுபடி முளைக்கும். அப்படி உதிர்ந்ததை எடுத்து வைத்திருப்பது சட்டப்படி குற்றமல்ல, வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்வதற்குத்தான் தடை.

மயில் எண்ணெய் விஷயம் அப்படி விளையாட்டல்ல. திருவிழாக் கடையில் விற்கும் சீசாவுக்குள் இருப்பது போலி என்றால் காசு போகும். அசல் என்றால் அதற்காக ஒரு மயில் செத்திருக்கிறது. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள பறவை மயில். கொன்றால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம். வலி அதற்குப் பிறகும் அப்படியே இருக்கும்.

“சோறு வைத்தால் புண்ணியம், விரட்டினால் தோஷம்”

எல்லாவற்றிலும் அதிகச் சேதம் செய்வது இந்த நம்பிக்கைதான் என்பேன். நகரத்துக்காரர் மாடியில் நின்று கம்பு போடுகிறார், படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடுகிறார். கூச்சம் விட்டுப்போன அதே மயில், அடுத்த தோட்டத்தில் விதைத்த நிலக்கடலையைச் சால் சாலாகக் கிளறித் தின்கிறது. தக்காளியில் ஒரு பழத்தையும் முழுதாகத் தின்னாமல் பழத்துக்கு ஒரு கொத்து கொத்திவிட்டுப் போகிறது. புண்ணியம் ஒருவருக்கு, நட்டம் இன்னொருவருக்கு. விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டங்களில் காட்டுப்பன்றியோடு மயிலின் பெயரும் அடிபடுவது சும்மா அல்ல.

மயிலைப் பிடித்துத் தின்ற நரியும் காட்டுப்பூனையும் ஊர்ப்புறங்களில் அருகிவிட்டன. தரிசு நிலமெல்லாம் சீமைக்கருவேலம் அடைந்து முட்டையிட மறைவிடம் தருகிறது. இவற்றோடு நாம் வைக்கும் சோறும் சேர்ந்தால் எண்ணிக்கை கூடாமல் என்ன செய்யும்? கடைசியில் பொறுமை இழந்த யாரோ ஒருவர் சோளத்தில் விஷத்தைக் கலக்கிறார். வரப்பில் மயில்கள் கொத்தாகச் செத்துக் கிடந்தன, விவசாயி கைது என்ற செய்தியை நாம் பல தடவை படித்துவிட்டோம். தேசியப் பறவை என்று 1963இல் அறிவித்த நாட்டில், கும்பிடுவதற்கும் கொல்வதற்கும் நடுவே ஒரு வழியைச் சொல்லித்தர ஆளில்லாமல் போனது வெட்கக்கேடு.

விரட்டுவதால் தோஷமும் இல்லை, குற்றமும் இல்லை. அடிக்காமல், காயப்படுத்தாமல் கைதட்டியோ, தண்ணீர் பீய்ச்சியோ, நாயை விட்டுக் குரைக்க வைத்தோ விரட்டலாம். தோட்டத்தைச் சுற்றிப் பழைய சேலை கட்டுவதும் மினுமினுப்பு நாடா கட்டுவதும் கொஞ்ச நாள் பலன் தரும், அப்புறம் மயிலுக்குப் பழகிவிடும். அதனால் உத்தியை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். விதைத்த நாளிலிருந்து செடி வேர் பிடிக்கும் வரை காவல் இருந்தால் பெரிய நட்டம் தப்பும். காய்கறிப் பாத்தி சிறியதென்றால் மேலே வலை போடுவது எல்லாவற்றையும்விட உறுதி. புதரில் முட்டையைக் கண்டால் கை வைக்காதீர்கள், முட்டையை எடுப்பதும் அழிப்பதும் சட்டப்படி வேட்டைதான். இருசக்கர வாகனத்தில் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: மயில் பறக்காது என்று நினைக்க வேண்டாம். சாலையைத் தாழப் பறந்து கடக்கும் மயில் மோதிக் கேரளத்தில் உயிரே போயிருக்கிறது. ஒன்று கடந்தால் பின்னால் இன்னும் இரண்டு வரும் என்று வேகத்தைக் குறையுங்கள்.

“காக்கை தலையில் அடித்தால் சனி பிடித்துவிட்டது”

மயிலை மட்டுமல்ல, காக்கையையும் நாம் இப்படித்தான் தப்பாகப் புரிந்துகொள்கிறோம். தெருவில் நடந்து போகும்போது பின்மண்டையில் ஒரு காக்கை பட்டென்று அடித்துவிட்டால், தலைமுழுகிவிட்டு எள் தீபம் ஏற்றப் போகிறவர்கள் நம்மில் நிறைய. கும்பிடுவது அவரவர் விருப்பம். ஆனால் அடித்ததற்குக் காரணம் கிரகம் அல்ல, பக்கத்து மரத்திலுள்ள கூடு. ஏப்ரல் முதல் ஜூலை வரை காக்கை கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும் காலம். பறக்கப் பழகும் குஞ்சு கீழே இறங்கிவிட்டால், அந்தப் பக்கம் போகிற தபால்காரர், நாய், பூனை, நீங்கள் எல்லோரும் தாய்க்கு ஒன்றுதான். கல்லெறிந்தால் மோசமாகும். முகமூடி போட்டவர்களைக் கொண்டு காகங்களைப் பிடிக்கச் செய்து, அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தார் 2006இல் ஓர் ஆய்வு தொடங்கினார்கள். பல ஆண்டுகள் கழித்தும் அதே முகமூடியைக் கண்டால் அங்குள்ள காகங்கள் கத்தித் தீர்த்தன, பிடிபடாத காகங்கள்கூடச் சேர்ந்துகொண்டன. நம்மூர்க் காக்கை வேறு இனம்தான், இருந்தாலும் அதனிடம் முகத்தைக் காட்டிக் கல் எறிய நான் துணிய மாட்டேன்.

ஆள்காட்டிக் குருவியும் இந்த வகைதான். வெட்டவெளித் தரையில் முட்டையிட்டு வைத்திருக்கும், நெருங்கினால் கத்திக்கொண்டு தலைக்கு மேல் பாயும். ராத்திரி அது கத்தினால் அபசகுனம் என்பதற்கு ஆதாரமில்லை. நாயோ கீரியோ முட்டைப் பக்கம் போயிருக்கும்.

கீழே விழுந்த குஞ்சை மனிதர் தொட்டால் தாய் சேர்த்துக்கொள்ளாது என்பதும் பொய். துணியால் மெதுவாக எடுத்து, பக்கத்திலுள்ள சுவர் மேலோ செடி மேலோ வைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள், தாய் வரும். அடிபட்ட மயில் என்றால் மட்டும் நீங்களே வீட்டில் வைத்து வைத்தியம் பார்க்காமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள். காக்கை அடிக்கும் தெருவுக்குக் குடை பிடித்துக்கொண்டு போங்கள். குஞ்சு நன்றாகப் பறக்கத் தொடங்கியதும் அதுவே நிறுத்திவிடும், அதற்காகக் கூடிருக்கும் கிளையை வெட்டச் சொல்லாதீர்கள்.