காலங் காட்டும் இரு சிறு சொற்கள்

ஆங்கிலம் பயிலும் நம் மாணவர் பெருஞ் சொற்களுக்கு அஞ்சுவர். அவற்றை அகராதியிற் பார்த்துப் பொருள் தேர்ந்தே எழுதுவர்; ஆதலின் அவற்றிற் பிழைபடுவது குறைவு. சிறு சொற்களையோ ஒருவரும் அகராதியிற் பார்ப்பதில்லை. பிழை அவ்வழியாகவே புகுகின்றது. அத்தகைய சிறு சொற்களுள் 'ஸின்ஸ்', 'ஃபார்' என்னும் இரண்டும் காலத்தைக் குறித்து வரும்போது எங்ஙனம் ஆளப்பட வேண்டும் என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வோம். இவற்றைத் திருத்தமுற வழங்குதற்கு வேண்டிய வழிகாட்டி நம் தாய்மொழியிலேயே அமைந்திருக்கின்றது என்பதே யாம் சிறப்பாகச் சொல்ல விரும்புவது.

"ஐ ஆம் ஸ்டடியிங் ஹியர் ஸின்ஸ் டூ இயர்ஸ்" என்பது நம் நாட்டில் அடிக்கடி காதிற்படும் ஒரு வாக்கியம். 'நான் இரண்டு ஆண்டுகளாக இங்கே படித்து வருகிறேன்' என்பது சொல்லுவோன் கருத்து. இவ்வாக்கியத்தில் இரண்டு வழுக்கள் உள்ளன. ஒன்று சொல்லைப் பற்றியது. மற்றொன்று வினையின் காலத்தைப் பற்றியது. இவ்விரண்டையும் முறையே நோக்குவோம்.

'ஸின்ஸ்' என்பது, 'அதற்குப் பின்' என்று பொருள்படும் பழைய ஆங்கிலத் தொடர் ஒன்றிலிருந்து பிறந்த சொல். பின் என்ற மாத்திரத்தில், எதற்குப் பின் என்னும் வினா எழுகின்றது. அதற்கு விடையாக ஒரு கிழமையேனும், ஓர் ஆண்டேனும், ஒரு நிகழ்ச்சியேனும் நிற்றல் வேண்டும். 'ஸின்ஸ் மண்டே', 'ஸின்ஸ் 1937', 'ஸின்ஸ் ஐ கேம் ஹியர்' என்பன பொருந்தும். இரண்டு ஆண்டு என்பதோ காலத்தின் அளவேயன்றித் தொடக்கம் அன்று. அளவைச் சொல்லுதற்கு உரிய சொல் 'ஃபார்'. ஆகவே, 'ஃபார் டூ இயர்ஸ்' என்பதே முறை.

இவ்வேற்றுமை தமிழருக்குப் புதியதன்று. 'திங்கட்கிழமை முதல் காய்ச்சல்' என்கிறோம். 'மூன்று நாளாகக் காய்ச்சல்' என்கிறோம். இவற்றை மாற்றி, 'மூன்று நாள் முதல்' என்றாவது, 'திங்கட்கிழமையாக' என்றாவது கூறுவார் உளரோ? தொடக்கத்தைச் சொல்ல 'முதல்' என்பதும், அளவைச் சொல்ல 'ஆக' என்பதும் நம் நாவில் தாமே வருகின்றன. தமிழிற் சிறு குழந்தையும் செய்யாத பிழையை ஆங்கிலத்திற் பட்டதாரியும் செய்கின்றான். 'முதல்' வருமிடத்து 'ஸின்ஸ்', 'ஆக' வருமிடத்து 'ஃபார்' என்று நினைவிற் கொண்டால் முதல் வழு நீங்கிவிடும்.

ஆயினும் ஓர் எச்சரிக்கை வேண்டும். தமிழில் 'முதல்' என்பது முடிவு கூறப்பட்ட காலத்திற்கும் வரும். பழைய பாம்பன் பாலத்தின்மீது 1914 முதல் 2022 வரை ரயில் வண்டிகள் சென்றன. இங்கே முடிவும் சொல்லப்பட்டமையால், 'ஃப்ரம் 1914 டு 2022' என்று எழுத வேண்டுமேயன்றி 'ஸின்ஸ்' என்றல் கூடாது. புதிய பாலத்தின்மீது 2025 முதல் வண்டிகள் சென்று வருகின்றன. இது பேசும் காலம்வரை நீளுதலின் 'ஸின்ஸ் 2025' என்பதே பொருந்தும். 'வரை' என்னும் சொல் உடன்வந்தால் 'ஃப்ரம்' என்றும், அஃது இன்றிப் பேசும் காலம்வரை தொடர்ந்தால் 'ஸின்ஸ்' என்றும் அறிக.

இனி இரண்டாவது வழுவுக்கு வருவோம். முன்னே தொடங்கி இன்னும் முடியாத செயலை ஆங்கிலேயர் வெறும் நிகழ்காலத்தாற் கூறார். 'ஐ ஆம் ஸ்டடியிங்' என்றால் இப்பொழுது படிப்பது மட்டுமே புலனாகும். கடந்த இரண்டாண்டும் அதனுள் அடங்கா. 'ஐ ஹாவ் பீன் ஸ்டடியிங்' என்றால்தான் சென்ற காலமும் நிகழ்காலமும் ஒருங்கே சேரும். இதற்கும் தமிழில் ஒப்பு உண்டு. 'படிக்கிறேன்' என்பது வேறு. 'படித்து வருகிறேன்' என்பது வேறு. இங்கே 'வருகிறேன்' என்னும் துணைவினை, செயல் பின்னிருந்து இன்றுவரை தொடர்ந்து வருதலைக் காட்டுகின்றது. 'ஹாவ் பீன் ஸ்டடியிங்' என்பதன் தொழிலும் அதுவே.

அறிதல் முதலிய வினைகளுக்கு இது பொருந்துமோ எனின், அங்கும் தமிழே வழி காட்டும். 'ஐந்தாண்டுகளாக அவனை அறிந்து வருகிறேன்' என்று நாம் கூறுவதில்லை. 'அறிந்திருக்கிறேன்' என்றே கூறுகிறோம். ஆங்கிலத்திலும் 'ஹாவ் பீன் நோயிங்' என்பது வழக்கன்று. 'ஐ ஹாவ் நோன் ஹிம் ஃபார் ஃபைவ் இயர்ஸ்' என்பதே வழக்கு. நற்சான்று எழுதுவோர் 'ஐ நோ ஹிம் ஸின்ஸ் ஃபைவ் இயர்ஸ்' என்று தொடங்கி, தாம் உயர்த்த எண்ணிய மாணவனுக்குத் தம் ஆங்கிலத்தாலேயே தாழ்வு தேடிவிடுதல் வருந்தத் தக்கது.

இவையெல்லாம் இலக்கண நுட்பங்கள்தாமே, கருத்து விளங்கினாற் போதாதோ என்று சிலர் வினவலாம். கருத்தே மாறிவிடும் இடங்களும் உண்டு. ஏழை மாணவன் ஒருவன் சம்பளச் சலுகை வேண்டி விண்ணப்பம் எழுதுகின்றான் என்று கொள்வோம். அவன் தந்தை ஆறு மாதமாகப் படுக்கையிற் கிடக்கின்றார். அவனோ, 'மை ஃபாதர் வாஸ் இல் ஃபார் ஸிக்ஸ் மன்த்ஸ்' என்று எழுதிவிடுகின்றான். சொல்லில் வழு இல்லை. 'ஃபார்' தன் இடத்திலேயே நிற்கின்றது. ஆனால் படிப்போர், 'ஆறு மாதம் நோயுற்றிருந்தார். அந்நோய் தீர்ந்துவிட்டது' என்று பொருள் கொள்வர். நோயுற்ற தந்தை எழுந்து வேலைக்குச் சென்றுவிட்டார் என்று எண்ணி, விண்ணப்பத்தை ஒதுக்கிவிடினும் விடுவர். 'ஹாஸ் பீன் இல்' என்று எழுதியிருந்தால் அவர் இன்னும் எழவில்லை என்பது ஐயமின்றி விளங்கியிருக்கும். 'வாஸ்' என்பதற்கும் 'ஹாஸ் பீன்' என்பதற்கும் உள்ள வேற்றுமையில் ஒரு குடும்பத்தின் நிலை முழுதும் அடங்கிவிட்டது. 'நோயுற்றிருந்தார்', 'நோயுற்றிருக்கிறார்' என்று தமிழில் அவன் ஒருமுறை சொல்லிப் பார்த்திருந்தால் இத்தவறு நேர்ந்திராது.

இதனால் வேறொன்றும் பெறப்படும். 'ஃபார்' என்பது அளவை மட்டுமே கூறும்; அக்காலம் முடிந்ததோ, தொடர்கின்றதோ என்பதை வினையே காட்ட வேண்டும். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியின் வரலாற்றை உதாரணமாகக் கொள்வோம். 1837-இல் ஒரு பள்ளியாகத் தொடங்கிய அந்நிலையம் நூறு ஆண்டு நகரத்திற்குள்ளே இருந்தது. அக்காலம் முடிந்துவிட்டமையால், 'இட் வாஸ் இன் தி ஸிட்டி ஃபார் எ ஹண்ட்ரட் இயர்ஸ்' என்று இறந்தகாலத்தாற் கூறுவோம். 1937 முதல் அது தாம்பரத்தில் இருந்து வருகின்றது. இதனை, 'இட் ஹாஸ் பீன் அட் தாம்பரம் ஸின்ஸ் 1937' என்போம். ஒரே நிலையத்தைப் பற்றிய இவ்விரு வாக்கியங்களையும் மனத்திற் பதித்துக்கொள்ளும் மாணவனுக்கு வேறு சூத்திரம் வேண்டுவதில்லை.

இன்னும் இரண்டு குறிப்புகள் கூறி முடிப்போம். 'இட் இஸ் டூ இயர்ஸ் ஸின்ஸ் ஹி லெஃப்ட்' என்று நல்லாசிரியர்களும் எழுதுகின்றனரே, அங்கே அளவோடு 'ஸின்ஸ்' வந்ததே எனின், அன்று. அது சேர்வது அளவோடு அன்று. பின்வரும் 'அவன் சென்றான்' என்னும் நிகழ்ச்சியோடு. 'அவன் சென்று இரண்டாண்டு ஆகிறது' என்பது அதன் பொருள். இனி, 'இரண்டாண்டுகளுக்கு முன்' என்பதற்கு 'டூ இயர்ஸ் அகோ' என்க. 'அகோ' என்பது 'கடந்து போன' என்னும் பொருளுடைய சொல்லின் குறுக்கம். கடந்துபோனதைச் சொல்லுதலின் அதற்கு இறந்தகாலமே துணை: 'ஐ கேம் டூ இயர்ஸ் அகோ.' 'ஐ ஹாவ் கம் டூ இயர்ஸ் அகோ' என்பது பிழை.

கற்றது நிலைபெறும்பொருட்டு, கீழ்வரும் நான்கு வாக்கியங்களையும் ஆங்கிலத்தில் எழுதிப் பார்க்க:

1. மேட்டூர் அணை 1934 முதல் காவிரி நீரைத் தேக்கி வருகிறது.
2. என் தமையன் நான்கு ஆண்டுகள் இக்கல்லூரியிற் படித்தான். இப்பொழுது ஆசிரியனாக இருக்கிறான்.
3. காலை முதல் மழை பெய்து வருகிறது.
4. நான் வந்தபோது அவர் ஒரு மணி நேரமாகக் காத்திருந்தார்.

நான்காவதில் 'காத்திருந்தார்' என்பதை நோக்குக. 'காத்திருக்கிறார்' என்பதற்கு 'ஹாஸ் பீன் வெய்ட்டிங்' எனின், 'காத்திருந்தார்' என்பதற்கு 'ஹாட் பீன் வெய்ட்டிங்' என்று கூறவும் வேண்டுமோ?

மாணவ நண்பர்களே, ஆங்கிலம் நன்கு கற்பதற்குத் தமிழை மறக்க வேண்டும் என்று கூறுவாரும் உளர். யாம் கண்டது அதற்கு மாறாக உள்ளது. இங்கே ஆராய்ந்த பிழைகளுட் பெரும்பாலன தமிழில் நினையாமையால் வந்தவை. எழுதுமுன் வாக்கியத்தை ஒருமுறை நல்ல தமிழிற் சொல்லிப் பார்ப்பீராக. அதன்பின் எடுத்த ஆங்கில வாக்கியம் பெரும்பாலும் வழுவின்றி அமையும்.