கறுப்புத் திரை

அமெரிக்காவில் உள்ள சேலம் நகரில் 1804-ஆம் ஆண்டு பிறந்தவர் நதானியேல் ஹாதார்ன். 1692-இல் அவ்வூரில் சூனியம் செய்ததாகப் பழிசுமத்தி 19 பேரைத் தூக்கிலிட்டனர். அவ்வழக்குகளை விசாரித்த நீதிபதிகளுள் ஒருவர் இவருடைய முன்னோர். கடும் ஒழுக்கம் பேணிய பியூரிட்டன் மக்களைப் பற்றி ஹாதார்ன் எழுதிய சிறுகதைகளில் அந்தப் பழியின் நிழல் படிந்துள்ளது.

1836-இல் வெளிவந்த ‘போதகரின் கறுப்புத் திரை’ அவற்றுள் ஒன்று. ஹூப்பர் என்னும் போதகர் ஒரு ஞாயிறன்று முகத்தில் கறுப்புத் திரை அணிந்து ஆலயம் வருகிறார். காரணம் கூறவில்லை. ஊரார் அஞ்சி விலகுகின்றனர். அவரை மணக்கவிருந்த எலிசபெத் வேண்டியும் அவர் திரையை நீக்கவில்லை. மரணப் படுக்கையில், சுற்றியுள்ளோர் அனைவர் முகத்திலும் கறுப்புத் திரையைக் காண்பதாகச் சொல்லி உயிர் விடுகிறார்.

இக்கதையை வாசித்ததும் நாங்கள் கேட்ட முதல் கேள்வி, “அவர் செய்த பாவம் என்ன?” என்பதே. அவ்வூராரும் அதைத்தானே கேட்டனர்! ஹாதார்ன் விடை கூறவில்லை. கேள்வியை நம் பக்கமே திருப்பிவிடுகிறார். இக்கதைகள் காலங்கடந்தும் வாழ்வது இதனால்தான்.

தோழியரே, பிறர் குறையைத் தேடுமுன் நம் முகத்திரையைத் தொட்டுப் பார்ப்போமா?